ஐந்தில் மூன்று: அமெரிக்காவின் வடக்கு–தெற்குப் பிளவு எங்கே தொடங்கியது?

1820 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரில் அறுபதைக் கடந்த இரண்டு அரசியல்வாதிகள் எதிரெதிர் தரப்பில் நின்று பேசினார்கள். செனட்டில் பேசியவர் நியூயார்க்கின் ரூஃபஸ் கிங். பிரதிநிதிகள் சபையில் பேசியவர் தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி. மிசௌரி என்ற புதிய மாநிலத்தில் அடிமை முறையை அனுமதிக்கலாமா என்பதுதான் விவாதம். எந்த மனிதச் சட்டத்தாலும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு உடைமையாகிவிட முடியாது என்ற பொருளில் கிங் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அடிமை உடைமையாளர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு முஷ்டியை இறுக்கினார்கள் என்று அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஐரோப்பாவின் ஏழைத் தொழிலாளியைவிட எங்கள் அடிமை நன்றாகவே வாழ்கிறான் என்பது பிங்க்னியின் வாதம்.

இந்த இருவரும் 1787 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டவர்கள். அந்த ஆவணம்தான் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் சண்டையிட்டது, அன்று தாங்களே சேர்ந்து எழுதிய ஒரு கணக்கின் விளைவைப் பற்றி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வேரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் 1850களில் தொடங்குகிறார்கள். இறக்குமதி வரி, தட்பவெப்பம், வடக்கின் ஆலைக்கும் தெற்கின் தோட்டத்துக்கும் இருந்த பண்பாட்டு வேற்றுமை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். அவை எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றை அரசியல் பகையாக மாற்றியது வேறொன்று. வாக்குரிமையே இல்லாத மனிதர்களைத் தலையெண்ணி, அந்த எண்ணிக்கையின் பலத்தை அவர்களுடைய எஜமானர்கள் கையில் கொடுத்த பிரதிநிதித்துவக் கணக்கே அது என்பது என் முடிவு. 1787 முதல் 1833 வரையிலான பெரும் மோதல்களில் எதைக் கிளறினாலும் அடியில் அந்தக் கணக்கு தட்டுப்படுகிறது.

அந்தக் கணக்கு பிலடெல்பியாவில் பிறந்ததல்ல. 1783-ல், பழைய கூட்டமைப்புக் காங்கிரஸ் மாநிலங்களிடம் நிதி திரட்ட வழி தேடியபோது, மக்கள்தொகை அடிப்படையில் பங்கு விதிக்கலாம் என்ற யோசனை வந்தது. வரி கட்ட வேண்டும் என்றபோது தெற்கு மாநிலங்கள் தங்கள் அடிமைகளைக் குறைவாக எண்ணச் சொல்லின. வடக்கு மாநிலங்கள் முழுமையாக எண்ணச் சொல்லின. பேரம் படிந்த இடம் ஐந்தில் மூன்று. எல்லா மாநிலங்களின் ஒப்புதலும் கிடைக்காததால் அந்த யோசனை நிறைவேறவில்லை. ஆனால் எண் நினைவில் தங்கிவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, பிலடெல்பியா மாநாட்டில், அதே எண் வேறு வேலைக்கு வந்தது. இந்த முறை விஷயம் வரி அல்ல, அதிகாரம். கீழவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடம் என்பதை மக்கள்தொகை தீர்மானிக்கும் என்றானதும், இரு தரப்பும் இடம் மாறின. இப்போது அடிமைகளை முழுமையாக எண்ண வேண்டும் என்றது தென் கோடி. எண்ணவே கூடாது என்றது வடக்கில் ஒரு பகுதி. 1787 ஜூன் 11 அன்று ஐந்தில் மூன்று என்ற விகிதத்தை முன்மொழிந்தவர் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன். வழிமொழிந்தவர் நம் சார்லஸ் பிங்க்னி. மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி உடனே எழுந்து, தெற்கில் சொத்தாக இருக்கும் மனிதர்களை எண்ணுவதென்றால் வடக்கின் மாடுகளையும் குதிரைகளையும் ஏன் எண்ணக் கூடாது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அடிமைகள் மீது பரிவு ஏதும் இல்லை. தன் மாநிலத்தின் பங்கு குறைந்துவிடும் என்ற கவலைதான் இருந்தது. வடக்கின் எதிர்ப்பு பல ஆண்டுகள் இந்தத் தொனியிலேயே ஒலித்தது என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற சண்டையில் மாநாடு உடைந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்தபோது, ஜேம்ஸ் மேடிசன் ஜூன் 30 அன்று உண்மையான பிளவு அங்கே இல்லை என்றார். வடக்குக்கும் தெற்குக்கும் இடையில், அடிமைகள் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தே நலன்கள் பிரிகின்றன என்பது அவர் கணிப்பு. அப்போது மாசசூசெட்ஸ் பிரதிநிதியாக அமர்ந்திருந்த ரூஃபஸ் கிங்கும் ஜூலையில் அதையே சொன்னார். ஆகஸ்டில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், அடிமைகளைப் பிரதிநிதித்துவத்தில் சேர்ப்பது தம் மனத்தை உறுத்துகிறது என்று பதிவு செய்தார். உறுத்தல் இருந்தும் கையெழுத்திட்டார்.

ஏன் கையெழுத்திட்டார்கள் என்பதற்கு அந்த ஆகஸ்டில் நடந்த இன்னொரு பேரம் விடை தருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துவரும் வணிகத்தைத் தடை செய்தால் தென் கரோலினா இந்தச் சட்டத்தை ஏற்காது என்று பிங்க்னி அறிவித்தார். கிரேக்கமும் ரோமும் அடிமைகளை வைத்திருந்தன என்பது அவருடைய நியாயம். நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு வேண்டியது கடல் வணிகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றும் உரிமை. அது அவர்களுடைய கப்பல்களின் பிழைப்பு. கொடுத்து வாங்கினார்கள். 1808 வரை அடிமை வணிகத்தில் காங்கிரஸ் கை வைக்காது என்ற பிரிவுக்கு ஆதரவாக மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர் மூன்றும் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கில் ஒன்று, அடிமைகள் நிறைந்த வர்ஜீனியா. வடக்கு தூய்மையானது, தெற்கு பாவம் செய்தது என்று இந்த வரலாற்றை எளிமையாகச் சொல்ல முடியாமல் செய்யும் வாக்கெடுப்பு இது. 1803-ன் இறுதியில் தென் கரோலினா அடிமை இறக்குமதியை மீண்டும் திறந்தது. 1807 முடிவதற்குள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சுமார் 40,000 பேர் சங்கிலியுடன் இறக்கப்பட்டார்கள். அவர்களைச் சுமந்துவந்தவற்றில் பல, ரோட் ஐலண்டின் கப்பல்கள்.

ஐந்தில் மூன்று நடைமுறையில் என்ன செய்தது என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1790-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் சுமார் 39.3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். 1792-ன் சட்டம் 33,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று வகுத்தது. மாசசூசெட்ஸில், அப்போது அதன் பகுதியாக இருந்த மேய்னையும் சேர்த்து, 4,75,000 பேர் இருந்தார்கள். அடிமை ஒருவரும் இல்லை. கிடைத்த இடங்கள் 14. வர்ஜீனியாவில் சுதந்திரமானவர்கள் சுமார் 4,55,000 பேர், மாசசூசெட்ஸைவிடக் குறைவு. ஆனால் அங்கே 2,92,627 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் மூன்று பங்கு சேர்ந்ததும் வர்ஜீனியாவுக்கு 19 இடங்கள். சுதந்திரமானவர்களை மட்டும் எண்ணியிருந்தால் 13 இடங்களே கிடைத்திருக்கும். ஆக, வயலில் சவுக்கடிக்குக் கீழே வேலை செய்த மனிதர்கள், தங்களை அடிமையாக வைத்திருப்பதற்கு ஆறு வாக்குகளைத் தங்கள் எஜமானர்களுக்குத் தேடித் தந்தார்கள். இதைவிடக் கொடிய ஒரு தேர்தல் ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடிமைகளை எண்ணாமலே விட்டிருக்க வேண்டும் என்ற வாதம் இன்று கேட்பவர்களுக்கு விநோதமாகப் படலாம். ஒரு மனிதனை ஐந்தில் மூன்றாக எண்ணியது அவமதிப்பு, முழுமையாக எண்ணியிருக்க வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வாக்களிக்க முடியாத மனிதனை முழுதாக எண்ணியிருந்தால் தெற்கின் பலம் இன்னும் பெருகியிருக்கும். அந்தச் சட்டத்தின் அநீதி பின்னத்தில் மட்டும் இல்லை. எண்ணப்படுபவனுக்கும் அந்த எண்ணிக்கையால் பலம் பெறுபவனுக்கும் இடையில் இருந்த உறவில் இருந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான வாக்காளர் குழுவும் இதே அடிப்படையில் அமைந்தது. 1800 தேர்தலில் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் 73 வாக்குகள் பெற்றார்; மாசசூசெட்ஸின் ஜான் ஆடம்ஸ் 65. வித்தியாசம் எட்டு. அடிமைகளின் கணக்கால் ஜெஃபர்சனுக்குச் சேர்ந்த வாக்குகள் குறைந்தது 12 என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்களே தலைவர் பதவியில் இருந்தார்கள். வாஷிங்டன், மேடிசன் போன்றவர்களின் ஆளுமைக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் கணக்கின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சில் அடிமைகளின் குரலும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குரலும் எங்கே என்ற கேள்வி நியாயமானது. குரல் இருந்தது, கேட்கப்படவில்லை. 1790 பிப்ரவரியில் குவேக்கர்களும், பெஞ்சமின் ஃப்ராங்ளின் தலைமை வகித்த பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கமும் காங்கிரசுக்கு மனு அனுப்பியபோது ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சனும் தென் கரோலினாவின் வில்லியம் லாட்டன் ஸ்மித்தும் சபையில் கொதித்தெழுந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1800 ஜனவரியில், பிலடெல்பியாவைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பின மக்கள் தாங்களே ஒரு மனு கொடுத்தார்கள். மதகுரு அப்சலோம் ஜோன்ஸ் அதில் முதன்மையானவர். தங்கள் இனத்தாரைக் கடத்திச் சென்று அடிமைகளாக விற்பதைத் தடுக்க வேண்டும், 1793-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைத் திருத்த வேண்டும், படிப்படியாக விடுதலைக்கு வழி காண வேண்டும் என்று கேட்டார்கள். காங்கிரசின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட கோரிக்கைகளை ஊக்குவிக்கக் கூடாது என்ற தீர்மானம் 85 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர் ஒரே ஒருவர், மாசசூசெட்ஸின் ஜார்ஜ் தாச்சர். பென்சில்வேனியா, கனெக்டிகட் போன்ற வட மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் படிப்படியான விடுதலைச் சட்டங்களை முன்பே இயற்றியிருந்தன. நியூயார்க்கும் முந்தைய ஆண்டுதான் இயற்றியிருந்தது. ஆனால் அந்த மாநிலங்களின் பிரதிநிதிகளும் இந்த மனுவைத் தொட விரும்பவில்லை. ஒன்றியம் நிலைக்க வேண்டும் என்றால் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற உடன்பாடு, எழுதப்படாமலே சட்டமாகியிருந்தது.

ஒன்றியத்தை விட்டுப் பிரிவோம் என்ற பேச்சைத் தேசிய அரசியலில் முதலில் தீவிரமாக எடுத்தது தெற்கு அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1803-ல் ஜெஃபர்சன் 1.5 கோடி டாலருக்கு லூசியானா பரப்பை ஃப்ரான்சிடமிருந்து வாங்கியதும், அங்கே உருவாகப்போகும் மாநிலங்கள் எல்லாம் வர்ஜீனியாவின் பக்கம் சாயும் என்று நியூ இங்கிலாந்து அஞ்சியது. மாசசூசெட்ஸின் டிமோதி பிக்கரிங் 1804-ல் தனி வடக்குக் கூட்டமைப்பு பற்றிக் கடிதங்கள் எழுதினார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஐந்தில் மூன்றை நீக்கும் திருத்தத்தைக் கோரியது. பிற மாநிலங்கள் இசையவில்லை. 1811-ல் லூசியானாவை மாநிலமாக்கும் விவாதத்தில் ஜோசையா குவின்சி, இதை நிறைவேற்றினால் பிரிந்துபோகும் உரிமை எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிடும் என்று சபையிலேயே சொன்னார். பிறகு ஜெஃபர்சனின் கப்பல் தடையும் பிரிட்டனுடனான 1812-ன் போரும் நியூ இங்கிலாந்தின் துறைமுகங்களை முடக்கிப்போட்டன. 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் 26 பேராளர்கள் கூடி மூன்று வாரம் விவாதித்தார்கள். பிரிவினையை அவர்கள் தீர்மானிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் அடிமைப் பிரதிநிதித்துவத்தை நீக்குவதும், புதிய மாநிலங்களைச் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதும், ஒரே மாநிலத்திலிருந்து அடுத்தடுத்துத் தலைவர் வரக் கூடாது என்பதும் இருந்தன. கோரிக்கையுடன் தூதர்கள் வாஷிங்டன் சேர்ந்த நேரத்தில் ஆண்ட்ரூ ஜாக்சனின் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும், போர் முடிந்த செய்தியும் வந்துவிட்டன. ஹார்ட்ஃபோர்டுக்காரர்கள் துரோகிகள் என்று பெயரெடுத்தார்கள். அவர்கள் சார்ந்த ஃபெடரலிஸ்ட் கட்சி அதிலிருந்து எழவே இல்லை.

மாநில உரிமை, ஒன்றியத்தின் புனிதம் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தக் காலத்தில் எந்தத் தரப்பும் நிலையாகப் பிடித்துக்கொள்ளவில்லை. 1798-ல் ஜான் ஆடம்ஸ் அரசின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்து மாநில உரிமையை முழங்கிய கெண்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்களை மறைவாக எழுதியவர்கள் ஜெஃபர்சனும் மேடிசனும். பதவிக்கு வந்ததும் அவர்களே மத்திய அதிகாரத்தை அதன் எல்லைவரை இழுத்தார்கள். 1816-ல் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரியை ஆதரித்தார். நியூ இங்கிலாந்தின் டேனியல் வெப்ஸ்டர் எதிர்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் அப்படியே இடம் மாறினார்கள். கொள்கையை மட்டும் படித்து இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முயல்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

பிலடெல்பியாவில் கூடியவர்களின் எதிர்பார்ப்பு ஒன்று பொய்த்ததைச் சொல்லாமல் மிசௌரிக்குப் போக முடியாது. மக்கள் தென்மேற்கு நோக்கிப் பெயர்வார்கள், விரைவில் தெற்கே பெரும்பான்மையாகும் என்று 1787-ல் இரு தரப்புமே நம்பின. அந்த நம்பிக்கையில்தான் தெற்கு மக்கள்தொகை அடிப்படையிலான கீழவையை விரும்பியது. 1790-ல் இரு பகுதிகளும் ஏறக்குறையச் சமம். 1820-ல் வடக்கில் சுமார் 51 லட்சம், தெற்கில் சுமார் 45 லட்சம். ஐந்தில் மூன்றின் உதவி இருந்தும், மிசௌரி விவாதத்தின்போது பிரதிநிதிகள் சபையில் சுதந்திர மாநிலங்களுக்கு 105 இடங்கள், அடிமை மாநிலங்களுக்கு 81. தெற்கின் கோட்டையாக எஞ்சியது செனட் மட்டுமே. அங்கே மாநிலத்துக்கு இரண்டு இடம் என்பதால், மாநிலங்களின் எண்ணிக்கையைச் சமமாக வைத்திருப்பது வாழ்வா சாவா என்ற பிரச்சினையானது.

இதே காலத்தில் அடிமை முறை தானாகவே தேய்ந்து மறையும் என்ற பழைய தலைமுறையின் ஆறுதலும் போய்விட்டது. எலி விட்னி 1793-ல் அமைத்த பருத்தி அரைவை இயந்திரம், குட்டை இழைப் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் வேலையை எளிதாக்கியது. கடலோரத்தைத் தாண்டி ஜார்ஜியாவின் உள்நாட்டிலும் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் பருத்தி பரவியது. பிரிட்டனின் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. 1790-ல் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1820-ல் 15 லட்சத்தைத் தாண்டினார்கள். 1808-ல் வெளிநாட்டு இறக்குமதி சட்டப்படி நின்ற பிறகு வர்ஜீனியாவும் மேரிலாந்தும் தங்கள் மனிதர்களை மேற்குக்கு விற்கத் தொடங்கின. 1790-க்கும் 1860-க்கும் இடையில் சுமார் 10 லட்சம் பேர் இப்படிப் பழைய தெற்கிலிருந்து புதிய தெற்குக்குப் பெயர்க்கப்பட்டார்கள், குடும்பங்கள் பிய்த்தெறியப்பட்டு. புதிய மாநிலங்களில் அடிமை முறை அனுமதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் செனட் இடங்கள் மட்டுமல்ல, இந்தச் சந்தையும் இருந்தது.

1819 பிப்ரவரி 13. மிசௌரியை மாநிலமாக்கும் மசோதாவில் நியூயார்க்கின் ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இனி அங்கே புதிதாக அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாது. மாநிலமான பின் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். அப்போது மிசௌரியில் இருந்த அடிமைகள் சுமார் 10,000 பேர். அவர்களில் ஒருவரைக்கூட இந்தத் திருத்தம் விடுவிக்கவில்லை. இருந்தும் சபை தீப்பற்றியது. ஜார்ஜியாவின் தாமஸ் காப், கடல் நீரெல்லாம் கொண்டுவந்தாலும் அணைக்க முடியாத, இரத்த வெள்ளம் மட்டுமே அணைக்கக்கூடிய நெருப்பை நீங்கள் மூட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் எச்சரித்தார். வரட்டும் என்றார் டால்மேட்ஜ். முதல் பிரிவு 87-க்கு 76, இரண்டாவது 82-க்கு 78 என்ற வாக்குகளில் சபையில் நிறைவேறின. ஏறத்தாழ முழுவதும் பிராந்தியம் சார்ந்தே வாக்குகள் பிரிந்தன. செனட் மறுத்தது.

1820-ன் சமரசம் பாடநூல்களில் உள்ளதுதான். மிசௌரி அடிமை மாநிலமாகவும் மேய்ன் சுதந்திர மாநிலமாகவும் வரும், செனட் சமநிலை 12-க்கு 12 என்று காக்கப்படும். லூசியானா பரப்பின் மீதிப் பகுதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கிடையாது. மிசௌரிக்கு விதித்த தடையைக் கைவிடும் வாக்கு சபையில் 90-க்கு 87 என்று மயிரிழையில் வென்றது. சில வடக்கு உறுப்பினர்கள் மறுபக்கம் சாய்ந்ததால் கிடைத்த வெற்றி அது.

பாடநூல்கள் அதிகம் சொல்லாத இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, ரூஃபஸ் கிங்கின் வாதத்தின் மையம். ஐந்தில் மூன்று என்பது 1787-ல் பதின்மூன்று பழைய மாநிலங்களுக்கு இடையில் நடந்த பேரம்; அதை அன்று யாரும் கற்பனை செய்யாத நிலங்களுக்கு நீட்டிக்க எந்த நியாயமும் இல்லை என்றார் அவர். அறம் பற்றி அவர் பேசிய பேச்சு தெற்குக்கு எரிச்சலூட்டியது. ஆனால் அவர்களை உண்மையில் அச்சுறுத்தியது இந்தக் கணக்குப் பேச்சுதான். இதை ஏற்றால் மிசிசிப்பிக்கு மேற்கே ஒவ்வொரு புதிய மாநிலமும் அவர்களுடைய பலத்தைக் கரைக்கும்.

இரண்டாவது, சமரசத்துக்குப் பின் வந்த சிக்கல். மிசௌரி எழுதிய மாநில அரசியலமைப்பில், சுதந்திரமான கறுப்பின மக்கள் அங்கே குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் இயற்ற வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு மாநிலத்தின் குடிமகனுக்கு மற்ற மாநிலங்களிலும் குடிமகனுக்குரிய உரிமைகள் உண்டு என்கிறது ஒன்றியத்தின் அரசியலமைப்பு. அப்படியானால் இவர்கள் குடிமக்களா இல்லையா? 1821-ல் சார்லஸ் பிங்க்னி எழுந்து, அந்தக் குடியுரிமைப் பிரிவை எழுதியவனே நான், எழுதும்போது கறுப்பினக் குடிமகன் என்று ஒருவன் இருக்க முடியும் என்றே நான் நினைக்கவில்லை என்றார். 1780களில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவற்றில் மட்டுமல்ல, வட கரோலினாவில்கூடச் சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இருந்தது. அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட மக்களில் அவர்களும் இருந்தார்கள். சபை உறுப்பினர் ஹென்றி க்ளே குழப்பமான ஒரு வாசகத்தைத் தைத்து ஒட்டினார்; 1821 ஆகஸ்டில் மிசௌரி உள்ளே வந்தது. 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தபோது, பிங்க்னியின் கூற்று நாட்டின் சட்டமாகவே ஆயிற்று.

அந்த நாட்களில் ஜான் குவின்சி ஆடம்ஸும் கால்ஹூனும் குடியரசுத் தலைவர் மன்ரோவின் அமைச்சரவையில் உடன் பணியாற்றியவர்கள், ஒருவரையொருவர் மதித்தவர்கள். அமைச்சரவைக் கூட்டம் முடிந்து இருவரும் பேசிக்கொண்டதை ஆடம்ஸ் எழுதிவைத்திருக்கிறார். உடலுழைப்பு அடிமைகளுக்கு உரியது, அதனால்தான் எங்கள் வெள்ளையர்களுக்குள் சமத்துவம் நிலவுகிறது என்றாராம் கால்ஹூன். ஒன்றியம் உடைந்தால் தெற்கு பிரிட்டனுடன் கூட்டணி சேர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அது பழையபடி காலனி நிலைக்குத் திரும்புவதாகாதா என்று ஆடம்ஸ் கேட்க, ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் வேறு வழி இருக்காது என்று பதில் வந்தது. விடுதலைப் போர் முடிந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. மிசௌரி விவாதம் ஒரு பெரும் துயரக் கதையின் முகப்புப் பக்கம் என்று ஆடம்ஸ் குறித்துவைத்தார். மான்டிசெல்லோ இல்லத்தில் ஓய்விலிருந்த ஜெஃபர்சனுக்கு அது நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணியாகக் கேட்டது. ஆனால் அவர் பழி சொன்னது தடையைக் கோரியவர்களை. அடிமைகளைப் பரந்த நிலப்பரப்பில் பரவவிட்டால் அவர்கள் நிலை மேம்படும் என்றே கடைசிவரை வாதிட்டார். இந்த இடத்தில் ஜெஃபர்சன் மீது எனக்குள்ள மதிப்பு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் குறைகிறது.

அடுத்த கட்டம் தென் கரோலினாவில். 1830 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தின் 5.81 லட்சம் பேரில் 3.15 லட்சம் பேர் அடிமைகள். பெரும்பான்மை மக்களை அடிமைகளாக வைத்திருந்த சிறுபான்மையின் அச்சம் அங்கே எல்லா அரசியலையும் வண்ணமிட்டது. 1822-ல் சார்ல்ஸ்டனில், விடுதலை பெற்ற தச்சர் டென்மார்க் வீசி கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் கைதானார். அவரையும் சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மிசௌரி விவாதத்தில் கிங் பேசியது அடிமைகளுக்குப் படித்துக் காட்டப்பட்டது என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. சாட்சியத்தின் நம்பகத்தன்மை விவாதத்துக்குரியது. ஆனால் தோட்டக்காரர்கள் அதை நம்பினார்கள், வாஷிங்டனில் பேசும் பேச்சே தங்கள் வீட்டுக் கூரைக்குத் தீ என்று முடிவு கட்டினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் தென் கரோலினா ஒரு சட்டம் இயற்றியது. வேற்று மாநிலக் கப்பலிலோ வெளிநாட்டுக் கப்பலிலோ வரும் கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைக்க வேண்டும். ஜமைக்காவில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் ஹென்றி எல்கிசன் இப்படிச் சிறைப்பட்டார். 1823-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஜான்சன், அவரே சார்ல்ஸ்டன்காரர், இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கும் ஒப்பந்தங்களுக்கும் முரணானது என்று கருத்துரைத்தார். மாநிலம் பொருட்படுத்தவில்லை, மாலுமிகளைச் சிறையிடுவது தொடர்ந்தது. ஒன்றியச் சட்டத்தை மாநிலம் செல்லாததாக்கலாம் என்ற புகழ்பெற்ற கோட்பாடு பேசப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அது இங்கே நடைமுறையில் இருந்தது, இறக்குமதி வரிக்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு விஷயத்தில்.

1828-ன் உயர் வரிச் சட்டம் தென் கரோலினாவைப் புண்படுத்தியது உண்மைதான். பருத்தி விலை 1818-ல் பவுண்டுக்கு 30 சென்ட் அளவில் இருந்து, பத்தாண்டுகளில் 10 சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. மண் களைத்துப்போயிருந்தது. தோட்டக்காரர்கள் வரியைக் காரணம் காட்டினார்கள். துணைத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே கால்ஹூன் பெயர் வெளியிடாமல் செல்லாதாக்கல் கோட்பாட்டை எழுதிக் கொடுத்தார். 1832 நவம்பரில் மாநிலப் பேரவை 1828, 1832 வரிச் சட்டங்கள் தங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் அதைத் துரோகம் என்றார். படையைப் பயன்படுத்தும் மசோதாவும், வரியைப் படிப்படியாகக் குறைக்கும் மசோதாவும் 1833 மார்ச் 2 அன்று ஒரே நாளில் கையெழுத்தாயின. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. மற்ற தெற்கு மாநிலங்கள் எதுவும் அப்போது தென் கரோலினாவின் பக்கம் வரவில்லை.

வரிதான் பிரிவினைக்குக் காரணம் என்று இன்றும் எழுதுபவர்களுக்குக் கால்ஹூனே பதில் தந்திருக்கிறார். 1830 செப்டம்பரில் நண்பர் வர்ஜில் மாக்ஸிக்கு எழுதிய கடிதத்தில், வரி ஒரு சந்தர்ப்பம் மட்டுமே, உண்மைக் காரணம் அல்ல என்கிறார். தெற்கின் தனித்த உள்நாட்டு அமைப்பு, அதாவது அடிமை முறை, அந்த மாநிலங்களை ஒன்றியத்தின் பெரும்பான்மைக்கு எதிரான நிலையில் நிறுத்தியிருக்கிறது. மாநில உரிமை என்ற தடுப்பு இல்லாவிட்டால் அவர்கள் கலகம் செய்ய வேண்டும் அல்லது தங்கள் நலன்களை இழக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். எண்ணிக்கையில் தோற்றுவிட்ட ஒரு பகுதி, எண்ணிக்கை பொருட்படாத ஓர் அரண் தேடியதுதான் அவருடைய அரசியல் தத்துவம். அதன் நுட்பத்தைப் புகழ்பவர்கள் உண்டு. அந்த நுட்பம் எதைக் காக்கப் பயன்பட்டது என்பதிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு நிகழ்ந்தவை வேகமானவை. 1831-ல் பாஸ்டனில் வில்லியம் லாய்ட் கேரிசனின் அடிமை ஒழிப்பு இதழ் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகளின் கிளர்ச்சி. 1835-ல் சார்ல்ஸ்டன் அஞ்சலகத்திலிருந்து ஒழிப்புவாதப் பிரசுரங்களை எடுத்துத் தெருவில் கொளுத்தினார்கள். 1836-ல் அடிமை முறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் சபை கொண்டுவந்தது. எட்டு ஆண்டுகள் அதை எதிர்த்துப் போராடியவர், தலைவர் பதவிக்குப் பிறகு சாதாரண உறுப்பினராகச் சபைக்குத் திரும்பியிருந்த அதே ஜான் குவின்சி ஆடம்ஸ். வடக்கின் சாதாரண வெள்ளைக் குடிமகனுக்கு, அடிமை முறை தன் மனு உரிமையையே பறிக்கிறது என்று உறைத்தது அப்போதுதான். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் மீண்டும் ஐந்தில் மூன்றை நீக்கக் கோரியது. அந்தத் தீர்மானத்தை 1843-ல் சபையில் வைத்தவரும் ஆடம்ஸ்தான்.

அந்த விகிதம் கடைசியில் உள்நாட்டுப் போரால் ஒழிந்தது. 1868-ன் பதினான்காவது திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள் முழுமையாக எண்ணப்படுவார்கள் என்றது. இதனால் தோற்ற தெற்குக்குக் காங்கிரசில் முன்பைவிட அதிக இடங்கள் கிடைத்தன, ஏனென்றால் முன்பு ஐந்தில் மூன்றாக இருந்தவர்கள் இப்போது ஐந்தில் ஐந்து. அதை முன்கூட்டியே உணர்ந்த சட்டமியற்றியவர்கள், வயது வந்த ஆண்களுக்கு வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் இடங்களை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று திருத்தத்தின் இரண்டாம் பிரிவில் எழுதிவைத்தார்கள். 1890-ல் மிசிசிப்பியும், அதைத் தொடர்ந்து மற்ற தெற்கு மாநிலங்களும் கறுப்பின மக்களின் வாக்குரிமையை எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்ற பெயர்களில் பறித்தன. அவர்கள் முழுமையாக எண்ணப்பட்டார்கள், வாக்களிக்க விடப்படவில்லை, அவர்கள் பெயரில் கிடைத்த இடங்களில் அவர்களை ஒடுக்கியவர்கள் அமர்ந்தார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இது நீடித்தது. அந்த இரண்டாம் பிரிவின் தண்டனையைக் காங்கிரஸ் எந்த மாநிலத்தின் மீதும் ஒரு முறைகூட விதிக்கவில்லை.